மாமனாரின் ரைஃபிளும் என் சாமான் பெட்டியும்

பழைய ரைஃபிள் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள், அதைக் கழற்றித் துடைத்துச் சீர்படுத்த என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். நான் துப்பாக்கி வியாபாரி இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஆனால் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதை யார் பிடித்து நிறுத்துவது? கண் பார்க்க உட்கார வைத்து, "கீழ் வரியைப் படிங்க" என்றால், "அண்ணே, நீங்க துப்பாக்கியெல்லாம் கழட்டி மாட்டுவீகளாம்ல?" என்கிறார்கள். முதலில் கீழ் வரியைப் படிய்யா என்று கத்த வேண்டியிருக்கிறது.

கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முதல் சாமான், லைசென்ஸ் வைத்திருக்கிற மாமனார். அவர் அமையாவிட்டால் மற்றதையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

எனக்கு அமைந்தார். பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளமும் கடலையும் போடுகிற சம்சாரி. காட்டுப்பன்றி இறங்கி வெள்ளாமையை உழுது போட்டுவிடும் என்பதால், பயிரைக் காக்க என்று இளவயதிலேயே லைசென்ஸ் எடுத்து ஒரு ரைஃபிள் வாங்கியவர். போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய ரகம். அவர் அதை வைத்து ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், பன்றிகள் ஓடிவிடும், மறுநாள் வேறு பக்கமாக வரும். ஆனாலும் அந்த ஊரில் அவருக்குத் 'துப்பாக்கிக்காரர்' என்றுதான் பேர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள்கூட உறையில் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருவார்கள்.

அவருக்கு ஒரே மகள், என் மனைவி. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவராகச் சொன்னார். "மாப்ள, எனக்கும் வயசாயிருச்சு. நான் இருக்கும்போதே துப்பாக்கியை உங்க பேருக்கு மாத்திருவோம். சட்டத்துல இடம் இருக்காம், கேட்டுட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன்பே நான் போனில் வெள்ளைக்காரர்கள் பழைய ரைஃபிள்களைப் பிரித்து மேய்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். அவர்கள் சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பார்கள். இங்கே ஒருவனுக்கு இரண்டுக்கு மேல் சட்டம் விடாது. ஆகவே நம் பக்கத்தில் ரைஃபிள் சேகரிப்பாளன் என்றால், ஒன்று வைத்திருப்பவன், மிஞ்சிப்போனால் இரண்டு வைத்திருப்பவன். ஒன்றுகூட இல்லாத காலத்திலேயே நான் என்னைச் சேகரிப்பாளன் என்று மனதுக்குள் அழைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐம்பது வயசுக்கு மேல ஆம்பளைகளுக்கு ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கிரும். எதிர்வீட்டுக்காரருக்கு வாக்கிங். உங்களுக்கு இதாக்கும்" என்றாள் என் மனைவி.

பேர் மாற்றுவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். மாமா வேட்டியில் சுற்றி எடுத்துவந்தார். நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், மரியாதையானவர். லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார், ரைஃபிளைத் தூக்கினார், இடதுபக்கம் திருப்பினார், வலதுபக்கம் திருப்பினார்.

"பெரியவரே, நம்பர் எங்க?"

விசைக்கு மேலே இரும்பு உடம்பின் இடதுபக்கத்தில் எண் அடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் காய்ந்த சேறு மாதிரி பழுப்பாக ஒரு பொருக்குத்தான் இருந்தது.

"அது அங்கனதேன் சார் இருக்கும்" என்றார் மாமா.

"இருக்கும்னு எழுதிக் குடுக்க முடியாதுல்ல பெரியவரே. புக்குல நம்பர் இருக்கு, துப்பாக்கியில இல்ல. இது அந்தத் துப்பாக்கிதான்னு நான் எப்படிச் சொல்ல? கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணிட்டு வாங்க. அப்பவும் நம்பர் தெரியலைன்னா இது இங்க ரூமுலதான் இருக்கணும்." அவர் கைகாட்டிய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யார் யாருடைய துப்பாக்கிகளோ விறகு அடுக்கினாற்போல் மூலையில் சாய்ந்து கிடந்தன. சிலந்தி கூடு கட்டியிருந்தது.

மாமா வழிநெடுக வேட்டிச் சுருளை மடியை விட்டு இறக்கவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சொன்னார். "அந்த ரூமுக்குள்ள போனா திரும்பாது மாப்ள. நீங்க ஏதாவது செய்ங்க."

செய்யாமல்? நான் சேகரிப்பாளன் அல்லவா! அதோடு, கண்ணாடிக் கடைக்காரனிடம் இல்லாத ஸ்க்ரூ டிரைவரா என்கிற கொழுப்பு வேறு. வந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைப் பெட்டியோடு பேரையூருக்குப் பஸ் ஏறினேன். லைசென்ஸ் மாமா பேரில் இருப்பதால் துப்பாக்கி அவர் வீட்டை விட்டு வரக்கூடாது. வேலையெல்லாம் அங்கேதான், அவர் கண்முன்னால்தான். ஹாலில் டிவிக்குக் கீழே மர டேபிளைப் போட்டு உட்கார்ந்தேன். மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு என் முழங்காலுக்கு அடுத்தே உட்கார்ந்தார். மதியம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை, தட்டை அங்கேயே வாங்கிக்கொண்டார்.

கட்டையையும் இரும்பையும் முதலில் பிரிக்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் கட்டையில் இறங்காது என்று வீடியோக்காரர்கள் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். கட்டையைப் பிடித்திருப்பவை அடிப்பக்கத்துப் பெரிய திருகுகள். கண்ணாடிக் காதைத் திருகுகிற என் ஸ்க்ரூ டிரைவரை ஒன்றில் வைத்துத் திருகினேன். டிக் என்று முனை உடைந்து சோபாவுக்குக் கீழே போய் விழுந்தது. சரி, இது சின்னது, பெரியது வேண்டும் என்று வீட்டில் ஃபேன் மாட்டுகிற ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வைத்து ஓங்கித் திருகினேன். அது வழுக்கிக்கொண்டு போய் இரும்பில் பளிச்சென்று ஒரு கோடு இழுத்தது.

"அய்யய்யோ!" என்றார் மாமா, தன் கன்னத்தில் இழுத்தாற்போல்.

சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆப்பு மாதிரி, நுனி மெலிந்து மேலே தடித்திருக்கும். திருகின் பள்ளத்தில் அது முழுசாக உட்காராது, நுனி மட்டும் நின்று நழுவும். ரைஃபிள் வேலைக்கென்று முனை முழுக்க ஒரே தடிமனாகச் செய்தவை உண்டு. பள்ளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் பொருந்துகிற ஒன்றை எடுத்து வைத்தால், அது பல்லைப் பிடித்தாற்போல் பிடித்துக்கொள்ளும். இதுதான் அடிப்படைப் பாடம். நான் அந்தக் கோட்டை இழுத்தபிறகு படித்தேன். ஒரு டப்பா நிறைய வாங்கினேன்.

அதோடு நின்றேனா? இரும்பைக் காயப்படுத்தாமல் தட்ட ஒரு பித்தளைச் சுத்தியல். ஆணிகளைத் தள்ளி எடுக்கத் தட்டையான முனை வைத்த குச்சிகள். குழலுக்குள் விட்டுத் துடைக்க ஒரு கம்பி, அதன் முனையில் மாட்ட பித்தளை பிரஷ். வாராவாரம் பெட்டி கனத்தது. பஸ்ஸில் கண்டக்டர், "அண்ணே, கொத்தனார் வேலையா? லக்கேஜ் போடணும்" என்று சண்டைக்கு வந்தார். கண்ணாடிக் கடைக்காரன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

என் மாமியாருக்கு மட்டும் பெட்டியைப் பார்த்து ஒரே சந்தோஷம். "வாங்க, வாங்க. இம்புட்டுச் சாமான் வச்சிருக்கீக, அந்த மிக்ஸியை ஒரு பார்வை பாருங்களேன்" என்பார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. மிக்ஸி முடிந்தால் இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டி முடிந்தால் பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டி. ஒருநாள் பித்தளைச் சுத்தியலைக் காணாமல் தேடிக்கொண்டு போனால், அடுப்படியில் அத்தை அதை வைத்து டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறார். "நல்லா நசுங்குது மாப்ள. எங்க வாங்குனீக?"

இரும்பை அசையாமல் பிடிக்க டேபிளோரத்தில் ஒரு வைஸ் மாட்டினேன். அதன் பற்கள் துப்பாக்கியைக் கடிக்காமல் இருக்க உள்ளே தோல் வைக்க வேண்டும். வாசலில் கிடந்த பழைய செருப்பை எடுத்துக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீடே திரண்டு வந்துவிட்டது.

"ஆயுத பூசைக்கு வச்சுக் கும்பிடுற பொருளுய்யா! அதைச் செருப்பைக் குடுத்தா பிடிக்கிறது?" என்று அத்தை தலையில் கை வைத்தார். என் மனைவி என்னை முறைத்த முறைப்பில் கத்தியை அப்படியே கீழே வைத்தேன். தோல் என்றால் தோல்தானே என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் மாமா எழுந்து போய்த் தன்னுடைய பழைய இடுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் மாட்டுத் தோல்தான். ஆனால் இடுப்பில் கட்டியதற்குத் தீட்டு இல்லையாம்.

இத்தனை இருந்தும் திருகுகள் அசைவேனா என்றன. புது ஸ்க்ரூ டிரைவரும் பள்ளத்தில் இறங்காமல் மேலோடேயே நின்றது. துரு ஏறி அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டி, துருவை இளக்குகிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தேன். மாமா ஃபேனை நிறுத்தச் சொன்னார், எண்ணெய் காய்ந்துவிடுமாம். வேர்த்து வழிய இருவரும் திருகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. முதலில் பூஜை அறையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். குனிந்து துப்பாக்கியை முகர்ந்து பார்த்தேன். துரு மணக்குமா? மணந்தது. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி கமகமவென்று மணந்தது.

"அத்தை!" என்று கூப்பிட்டேன். "இதுல என்னத்தைத் தடவுனீங்க?"

"என்னத்தைத் தடவுனேன்? சந்தனந்தேன்" என்றார் அத்தை, சற்றும் அசராமல். "வருசா வருசம் ஆயுத பூசைக்கு வைக்கிறேன்ல. அந்த வட்ட வட்டமா இருக்குல்ல, அது மேல எல்லாம் ஒரு பொட்டு. பக்கவாட்டுல மொழுமொழுன்னு இருக்கிற எடத்துல பட்டையாத் திருநீறும் சந்தனமும். நடுவுல குங்குமம்."

வட்ட வட்டமாக இருந்தவை திருகுகள். மொழுமொழுவென்று இருந்தது எண் அடித்த இடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை ஒரு வருடம்கூட விடாமல், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டாக வைத்துவந்திருக்கிறார். ஈரச் சந்தனம் இறுகித் திருகின் பள்ளத்தைச் சிமெண்டு பூசினாற்போல் அடைத்துவிட்டது. பட்டை போட்ட இடத்தில் ஈரத்தைக் குடித்து இரும்பு துருப்பிடித்து, துருவும் திருநீறும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது.

"ஏன் அத்தை, அழிச்சாவது வச்சிருக்கக் கூடாதா?"

"சாமிக்கு வச்சதை அழிப்பாகளா? இல்ல, பொட்டே வைக்காம மூளியா விடச் சொல்றீகளா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

பள்ளத்தைத் தோண்ட என் பெட்டியில் எதுவுமே ஆகவில்லை. எல்லாம் தடிமன். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "இந்தாங்க. இதைக் கொண்டு நோண்டுங்க. வளைச்சிராதீக, எனக்கு வேணும்." அந்த ஊக்கால்தான் பள்ளங்களைச் சுத்தம் செய்தேன். தோண்டத் தோண்ட மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவர் உட்கார்ந்தது, திருகு மறுபேச்சில்லாமல் சுழன்று வந்தது. மாமா கைதட்டினார். கழற்றிய ஒவ்வொன்றையும் எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்யாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள், இது ஒன்றையாவது கேளுங்கள்.

இனி எண். பொருக்கு தடிப்பாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. உப்புத்தாளை எடுத்து, நாலு தேய்ப்பில் வெளியே கொண்டுவருகிறேன் பார் என்று கையை ஓங்கினேன்.

என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "நம்பர் எம்புட்டு ஆழத்துக்கு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? தேய்ச்சு அதையும் அழிச்சுப்புட்டு, ஸ்டேஷன்ல போயி சாமி அழிச்சிருச்சுன்னா சொல்லுவீக? துப்பாக்கி ரூமுக்குள்ள போகும், நீங்களும் எங்கப்பாவும் அதுக்குப் பக்கத்து ரூமுக்குள்ள போவீக."

சொன்னது நியாயம். துப்பாக்கியில் எண்ணை அழிப்பது குற்றம், வேண்டுமென்று அழித்தாயா உப்புத்தாளால் அழித்தாயா என்று யாரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உப்புத்தாளை ஜன்னல் வழியாக வீசினேன். எண்ணெய், பழைய வேட்டித் துணி, பல் விளக்குகிற பிரஷ், இவ்வளவுதான் பிறகு. ஊறவைப்பது, ஒற்றி எடுப்பது, மறுபடி ஊறவைப்பது. ஞாயிறுகள் போயின. கடையை மூடிவிட்டு இந்த வேலை பார்ப்பதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மாமா டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "வரும் மாப்ள, வந்துரும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

வந்தது. கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தபோது, ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தெரியுதா மாப்ள?"

"தெரியுது மாமா."

"அடுத்தது?"

"அதுவும் தெரியுது."

"கடைசி?"

கடைசி எண் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை. லைசென்ஸில் எட்டு. நாள் முழுக்க அடுத்தவர்களை உட்கார வைத்து, இதில் நன்றாகத் தெரிகிறதா அதில் நன்றாகத் தெரிகிறதா என்று வாட்டி எடுக்கிறவன் நான். அன்றைக்கு மாமா என்னை வாட்டினார். "இப்படிப் பிடிச்சா தெரியுதா? சாய்ச்சுப் பிடிச்சா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாப்ள." போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து படுக்கையாக அடித்ததும் பள்ளத்தில் நிழல் விழுந்து, எட்டு முழுசாகத் தெரிந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏதென்று ஓடிவந்தார். அவர் வீட்டு இஸ்திரிப் பெட்டி மறுபடியும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

திருகுகளைப் படத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டி, ரைஃபிளைத் துடைத்து, மறுபடி வேட்டியில் சுற்றி ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் எண்ணைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "பரவாயில்லையே சார், புதுசு மாதிரி ஆக்கிட்டீங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரைஃபிள் அந்த அறைக்குப் போகாது. என் சேகரிப்பின் முதல் ரைஃபிள். மதுரைக்குக் கொண்டுபோய் வைக்க இரும்பு அலமாரிகூட வாங்கிப் போட்டாயிற்று.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை மாமா பக்கம் நகர்த்தினார். "பெரியவரே, மருமகன் பேருக்கு மாத்தச் சம்மதம்னு இதுல கையெழுத்துப் போடுங்க. மேல அனுப்பிர்றேன். அவர் பேருக்கு வந்திரும்."

மாமா பேனாவை வாங்கினார். "சார், ஒரு சந்தேகம். மாறுனதுக்கு அப்புறம், பன்னி கின்னி வந்தா நான் எடுத்து ஒரு வெடி போடலாம்ல?"

"கூடாது பெரியவரே. லைசென்ஸ் இல்லாதவங்க தொடவே கூடாது. அதான் மதுரைக்குப் போயிருமே."

"ஆமா, ஆமா" என்றார் மாமா. "மதுரைக்குப் போயிரும்."

பேனா தாளின் மேல் நின்றது, நகரவில்லை. இன்னொரு கை மேஜைமேல் கிடந்த ரைஃபிளின் மேல் இருந்தது. அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு மாமா என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"எழுத்துத் தெரியலை மாப்ள. கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் போல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. நானே கண் பார்த்து, நானே ஃபிரேம் தேர்ந்தெடுத்து, போன மாதம்தான் என் கையால் மாட்டிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு அவர் தெருமுனையில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பார். இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, மறைப்பானேன். எத்தனை ஞாயிறு, எத்தனை பஸ், பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டி வரைக்கும்! இரும்பு அலமாரி வேறு காலியாக நிற்கிறது. ஆனால் அவர் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"ஆமா சார்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம். "மாமாவுக்கு இப்பக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல. நான் கண்ணாடிக் கடைக்காரன், எனக்குத் தெரியும். இப்போதைக்கு அவர் பேர்லயே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை எடுத்து உள்ளே வைத்தார். "கண்ணு சரியானதும் வாங்க பெரியவரே."

மாமா ரைஃபிளை வேட்டியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எதிரே வந்தவர் யாரோ, "என்ன துப்பாக்கிக்காரரே, எங்கிட்டுப் போயிட்டு வாரீக?" என்றார். "சும்மா, மாப்ளைக்கு ஸ்டேஷனைக் காட்டிட்டு வாரேன்" என்றார் மாமா, நிற்காமலே.